மார்க்கு போட வந்தவங்களுக்கும் மார்க்கு

உத்திரமேரூரை அடுத்திருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை. பாடம் நடத்துவதோடு கல்லூரியின் தரக்குழுவும் என் பொறுப்பில் இருந்தது. தரக்குழு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு இரும்பு பீரோ, ஒரு பழைய கம்ப்யூட்டர், நான். அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், தரச்சான்று கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் செயலாளர் எங்களைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சேற்றில் கால் வைத்து நடந்தே வந்தார். தரச்சான்று நிறுவனக்காரர் என்றால் காரில் வருவார், முன்னால் ஒருவர் ஓடிவந்து கதவைத் திறப்பார் என்று எதிர்பார்த்திருந்த எங்கள் தாளாளருக்கு இவரை என்ன சொல்லி வரவேற்பது என்றே தெரியவில்லை.

தாளாளர் இந்தப் பகுதியில் நிலம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்லூரி நிற்கும் இடம் அவருடைய அப்பா கொடுத்தது. காலையில் வயலைப் பார்த்துவிட்டு, அதே வேட்டியோடு கல்லூரிக்கு வந்து உட்காருவார். கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர். வந்தவர் காபியைக் கையில் எடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சார், எங்களுக்கு மார்க்கு போட வரேன்றீங்க, சரி. உங்களுக்கு யாரு மார்க்கு போட்டது?"

நான் சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். செயலாளர் சிரித்தார்.

"இன்னும் யாரும் போடலை ஐயா. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

பிறகு அவர் நிதானமாக விளக்கினார். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நிறுவனத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அது போடும் தரத்தை அரசு ஏற்க வேண்டுமானால், உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் தில்லிக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். அந்தக் குழு சும்மா கொடுத்துவிடாது. நிறுவனத்துக்குச் சொந்தக் கல்லூரி எதுவும் இருக்கக்கூடாது. தரம் போடும் கல்லூரிக்கே ஆலோசனை விற்றுக் காசு வாங்கக்கூடாது. எதை வைத்துத் தரம் போடுகிறோம் என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முடிவை ஏற்காத கல்லூரி மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். இதெல்லாம் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் ஒரு கல்லூரியை மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். அதைத் தில்லிக் குழுவின் பார்வையாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அந்தக் கல்லூரியா நீங்க இருக்கணும்னு கேக்க வந்தேன். பெரிய கல்லூரிங்க எல்லாம் மாட்டேன்னுட்டாங்க. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்துக்கிட்ட எதுக்குத் தலையைக் குடுக்கணும்னு கேக்கிறாங்க. அதுவும் நியாயம்தான்."

"நாங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?" என்றார் தாளாளர்.

"உங்க முன்னாடி நாங்க தப்பு பண்ணினா எங்களுக்கு நஷ்டம். எங்க முன்னாடி நீங்க தப்பு பண்ணினா உங்களுக்கு நஷ்டம். ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்தா, எங்களுக்கு அங்கீகாரம் வந்த அன்னைக்கு உங்க கிரேடும் செல்லும். இதுக்கு மேல சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை ஐயா."

தாளாளர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. இல்லாததை இருப்பதாகச் சொல்லாதவர். நான் தலையை ஆட்டினேன்.

"சரி, பாத்துடலாம்," என்றார் தாளாளர்.

அடுத்த சில மாதங்கள் நான் வீட்டையும் மறந்து வேலை செய்தேன். கல்லூரி தொடங்கியதிலிருந்து சேர்ந்தவர்கள், படித்து முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் என்று எல்லா விவரத்தையும் துறை துறையாகச் சேர்த்தோம். துணை முதல்வர் ஒரு யோசனை சொன்னார். தெரிந்த கல்லூரி ஒன்றிலிருந்து புதிய கருவிகள் சிலவற்றைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் வைத்துவிட்டு, குழு போனதும் திருப்பி அனுப்பிவிடலாம், எல்லோரும் செய்வதுதான் என்றார். எங்கள் வேதியியல் துறையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களிடம் இருக்கும் தராசுகளை நாங்களே துடைத்து, சரிபார்த்து, பழுதானவற்றின் மேல் 'பழுது' என்று சீட்டு ஒட்டினோம். அந்தச் சீட்டைப் பார்த்துத் துணை முதல்வர் தலையில் அடித்துக்கொண்டார்.

விருந்தோம்பலில்தான் பெரிய சண்டை. குழுவுக்குச் சால்வை கூடாது, மாலை கூடாது, பரிசு கூடாது, அறிக்கை கொடுத்து முடிக்கும்வரை கோயில் குளம் என்று எங்கும் அழைத்துப் போகக்கூடாது என்று நிறுவனம் எழுதி அனுப்பியிருந்தது. தாளாளர் கொதித்தார்.

"வூட்டுக்கு வர்றவனுக்கு ஒரு துண்டு கூட போடக்கூடாதாமா? கல்வெட்டுக் கோயில பாக்காம உத்திரமேரூருல இருந்து எவன் போயிருக்கான்? இன்னா ரூலு இது?"

"பார்வையாளருங்க அதையும் பாப்பாங்க சார். நாம சால்வை போட்டா அவங்களுக்கு மார்க்கு கொறையும்."

"நாம துண்டு போட்டா அவங்களுக்கு மார்க்கு கொறையுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த நினைப்பே அவருக்குச் சிரிப்பு மூட்டியதோ என்னவோ, அடங்கிவிட்டார்.

குழு வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள். தலைவர் ஒடிசாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற துணைவேந்தர், வயதான அம்மாள், நூல் புடவையும் கான்வாஸ் காலணியும் அணிந்திருந்தார். மற்ற இருவரில் ஒருவர் குஜராத், ஒருவர் பஞ்சாப். பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக வெளி மாநிலத்தவர்களை மட்டுமே அனுப்புவது நிறுவனத்தின் விதி. அவர்களுக்குப் பின்னால் தில்லிக் குழுவின் பார்வையாளர்கள் இருவர். இவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள், எதற்கும் பதில் சொல்லமாட்டார்கள். மதிப்பீட்டாளர் எங்கே போனாலும் கூடவே போய்ப் பின்னால் நின்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். சாப்பாடுகூட ஒன்றாகக் கூடாது. நூலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு மேஜை போட்டோம். கேன்டீன் நடத்துபவர் வடைத் தட்டோடு நடுவில் நின்று என்னிடம் கேட்டார்.

"மேடம், இதுல யாரு பெரிய ஆபீசரு? யாருக்கு மொதல்ல வைக்கிறது?"

எனக்கே தெரியவில்லை. வயதில் மூத்தவருக்கு வையுங்கள் என்றேன். அந்த அம்மாளுக்கு முதல் வடை போனது. அதைப் பார்வையாளர் ஒருவர் எழுதிக்கொண்டாரோ என்று அன்று மாலை வரை எனக்குச் சந்தேகம்.

ஆய்வகத்தில் தலைவர் அம்மாள் 'பழுது' சீட்டு ஒட்டிய தராசின் முன் நின்றார். "இதை ஏன் மறைத்து வைக்கவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழுதானதை நல்லது என்று நினைத்து மாணவர்கள் எடையிட்டுவிடக்கூடாதே என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாணவர் சந்திப்பு. ஆசிரியர்கள் யாரும் உள்ளே போகக்கூடாது. கருத்தரங்கக் கூடத்தின் கதவு சாத்தப்பட்டது. நான் ஆய்வக வராந்தாவில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை அன்றே மாணவிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். பின்னால் தலைவர் அம்மாளும், யார் என்ற அடையாளம் காட்டாமல், சொன்னார். இரண்டும் ஒத்துப்போனதால் இங்கே எழுதுகிறேன்.

குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் வணிகவியல் மூன்றாமாண்டு மாணவன் ஒருவனை மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவன். கல்லூரியின் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று துணை முதல்வர் முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தார். கெட்ட பிள்ளை இல்லை. சொன்னதைச் செய்தான்.

ஆய்வகத்தில் போதிய நேரம் கிடைக்கிறதா என்று தலைவர் அம்மாள் கேட்டபோது, என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். வேதியியல் இரண்டாமாண்டு. சாலவாக்கத்துக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். அவள் அப்பாவும் அம்மாவும் வயல்களில் கூலி வேலை செய்கிறவர்கள். வகுப்பில் தானாக வாய் திறந்து பேசியதை நான் கண்டதில்லை.

"லேப்புல டைம் கீது மேடம்," என்று தமிழில் சொல்லியிருக்கிறாள். "எங்களுக்குத்தான் பஸ்ஸு இல்ல. சாலவாக்கம் பஸ்ஸு லேப்பு முடியறதுக்குள்ள போயிடுது. அத வுட்டா இருட்டினப்புறம்தான். அதனால பியூரெட்ட அப்பிடியே வுட்டுட்டு ஓடுவோம். மறுநாளு யார்னா ரீடிங் குடுப்பாங்கோ, எழுதிக்குவோம். சனிக்கிழம மேடமுங்கோ லேப்பு தொறந்துதான் வைக்கிறாங்கோ. நான் சனிக்கிழம வேலைக்குப் போவேன். இத்தினி நாளும் நான் ஒரு டைட்ரேஷன்கூட கடைசி வரைக்கும் பாத்தது இல்ல."

பியூரெட்டிலிருந்து சொட்டு சொட்டாக விட்டு, குடுவையில் நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டை, எண்ட் பாயிண்ட்டை, பிடிப்பதுதான் அந்தப் பயிற்சியே. அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதுவது, சாப்பிடாமல் ஏப்பம் விடுவது மாதிரி.

வணிகவியல் மாணவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். ஆய்வகம் நன்றாக இருக்கிறது, பேருந்து வசதி இன்னும் கொஞ்சம் மேம்பட்டால் நல்லது என்கிறாள்.

தலைவர் அம்மாள் தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். இந்தப் பெண் உட்காரவில்லை.

"நோ மேடம்," என்றாள். "தட் ஐ டிட் நாட் ஸே."

மொழிபெயர்த்தவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் தலைவர் அம்மாளையே பார்த்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தை வைத்துச் சொன்னாள். "பஸ் கோயிங். லேப் நாட் ஃபினிஷ். வீ ஆர் ரன்னிங். எண்ட் பாயிண்ட், ஐ நெவர் ஸீ."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கூடத்தைப் பார்த்து, நீங்கள் சொன்னது ஒன்று, என் காதில் விழுந்தது வேறொன்று என்று நினைப்பவர்கள் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அவர் அதுவரை எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, சந்திப்பை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை மொழிபெயர்க்க ஒருவர், அது சரிதானா என்று பார்க்க இன்னொருவர். பின்வரிசையில் இருந்த பார்வையாளர்கள் தலை நிமிராமல் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் தலைவர் அம்மாள் சுருக்கமாகப் பேசினார். எங்கள் ஆசிரியர்களின் உழைப்பையும், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிப்பை முடித்துவிட்டுப் போவதையும், பழுதைப் பழுது என்று ஒப்புக்கொண்டதையும் பாராட்டினார். குறைகளைச் சொன்னபோது பஸ்ஸைச் சொன்னார். மாணவிகளில் பலர் ஆய்வகப் பயிற்சியை முடிக்க முடியாமல் போகிறார்கள் என்றார். கடைசியில், யாரும் எதிர்பாராமல், தங்களைப் பற்றியும் சொன்னார்.

"இந்த ஊரின் மொழி தெரியாமல் இங்கே வந்தது எங்கள் குறை. ஒரு மாணவி திருத்தியிருக்காவிட்டால் நான் தவறான அறிக்கையோடு போயிருப்பேன். அதையும் எழுதியிருக்கிறேன்."

தங்களையே சோதிக்க வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் இப்படிச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குழுவின் வண்டி வெளியே போனதும் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"யாரு மேடம் அந்தப் பொண்ணு?"

"சொல்ல மாட்டேன் சார்."

"நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்? சும்மா கேக்கறேன்."

"உள்ள பேசினது உள்ளயே இருக்கும்னு சொல்லித்தான் பசங்களைப் பேச வெச்சாங்க. நீங்க கேக்கக்கூடாது, நான் சொல்லக்கூடாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "டில்லியில நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கீறாரு. ஒரு போன் போட்டா அந்த பஸ்ஸு வரிய எடுத்துடுவாங்கோ. கிரேடும் ஒரு படி ஏறும்."

"தப்பா எழுதியிருந்தா நாமளே பதில் எழுதலாம் சார். வரைவு அறிக்கைய நமக்குத்தான் மொதல்ல அனுப்புவாங்க. ஆனா அந்தப் பொண்ணு சொன்னதுல எது தப்பு? பொண்ணுங்க ஓடுறத நீங்களே கேட்டுல நின்னு பாத்திருக்கீங்க. ஆளை வெச்சி வாங்கினா அது நம்ம கிரேடு இல்ல சார். அந்த ஆளோட கிரேடு."

அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. என் முன்னாலேயே நிறுவனத்தின் செயலாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். நலம் விசாரித்துவிட்டு, "சார், அந்த பஸ்ஸு விஷயம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கினீங்கன்னா..." என்று இழுத்தார்.

செயலாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"ஐயா, யாராவது அறிக்கைய மாத்தச் சொல்லிக் கேட்டா நாங்க அதைப் பதிவு பண்ணணும். அங்கீகாரத்துக்கு அது ஒரு நிபந்தனை. தில்லிக் குழுவுல இருந்து கேட்டாலும் பதிவு பண்ணுவோம். அவங்க எங்களுக்கு அங்கீகாரம் குடுக்கலாம், எடுக்கலாம். ஆனா எந்தக் கல்லூரிக்கு என்ன கிரேடுன்னு சொல்ல அவங்களுக்கே உரிமை கிடையாது. இப்ப நீங்க கேட்டதைப் பதிவு பண்ணவா? இல்ல, நீங்க கேக்கவே இல்லையா?"

தாளாளர் போனையே பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அறை அதிரச் சிரித்தார்.

"கேக்கல சார். நான் ஒண்ணுமே கேக்கல. சாப்டீங்களான்னுதான் கேட்டேன்."

எங்களுக்கு 'பி' கிரேடு வந்தது. மேலே இன்னும் படிகள் இருந்தன. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு கருவியையும் இரவல் வாங்காமல், ஒருவரிடமும் சிபாரிசுக்குப் போகாமல், நாங்கள் இருப்பது இருக்கிறபடி நின்று வாங்கியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அறிக்கையை எடுத்துக்கொண்டு நானும் தாளாளரும் சென்னைக்குப் போனோம். கல்லூரிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் கொடுத்து, பஸ் நேரத்தை மாற்றப் போக்குவரத்துத் துறைக்கு எழுதும்படி கேட்டோம். அங்கிருந்த அதிகாரி பக்கங்களை நன்றாகவே படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்.

"நல்ல ரிப்போர்ட் மேடம். ஆனா இந்த நிறுவனத்துக்கே இன்னும் அங்கீகாரம் வரலையே. அங்கீகாரம் இல்லாதவங்க குடுத்த ரிப்போர்ட்டை வெச்சு நான் இன்னொரு துறைக்கு எழுதினா, 'இவங்க யாரு'ன்னு என்னைக் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. அன்றுதான் இந்தச் சங்கிலி எனக்கு முழுதாகப் புரிந்தது. மாணவி சொன்னதற்குக் குழுவால் பலம். குழுவுக்கு நிறுவனத்தால் பலம். நிறுவனத்துக்கு அரசின் அங்கீகாரத்தால் பலம். அரசுக்கோ, சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பெண் ஆய்வகத்திலிருந்து பாதியில் ஓடுகிறாள் என்று தெரிய அந்த அறிக்கையை விட்டால் வேறு வழியில்லை. பஸ்ஸுக்காக நானே டிப்போவுக்கு எத்தனையோ மனு கொடுத்திருக்கிறேன். 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும், பஸ் வராது.

அதிலிருந்து எங்களுக்கு இன்னொரு காத்திருப்பு தொடங்கியது. மற்றவர்களின் தேர்வு முடிவுக்காக ஒரு கல்லூரியே காத்திருந்த கதையை வேறெங்கும் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். தாளாளர் வயலிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "டில்லியில இருந்து இன்னா சேதி மேடம்?" ஆய்வக உதவியாளர்கூடக் கேட்பார். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, கதிர் வந்துவிட்டது. சேதி வரவில்லை.

அறுவடை நேரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது செயலாளரின் போன் வந்தது.

"மேடம், கெடைச்சிடுச்சு. இப்போதைக்குத் தற்காலிக அங்கீகாரம். வருஷா வருஷம் அறிக்கை குடுக்கணும், நிபந்தனையெல்லாம் இருக்கு. ஆனா கெடைச்சிடுச்சு."

தாளாளர் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் இனிப்பு சொல்லிவிட்டார். "நமக்கு இன்னா சார் கெடைச்சிது?" என்று மாணவர்கள் கேட்டார்கள்.

"நம்மகிட்ட பரீட்ச எழுதினவங்கோ பாஸாயிட்டாங்கோ," என்றார் அவர். "துன்னுங்கடா."

அதன் பிறகு அறிக்கைக்குக் கால் முளைத்தது. சென்னை அலுவலகம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது. ஆட்சியர் அலுவலகம் டிப்போவுக்கு எழுதியது. தாளாளர் விடாமல் ஒவ்வொரு படியிலும் போய் நின்றார். டிப்போ மேலாளர் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னாராம்: "மனுவா இருந்தா ஒரு பதில் போட்டா முடிஞ்சிது சார். இது ரிப்போர்ட்டுல வந்துகீது. செஞ்சியா செஞ்சியான்னு மேலேருந்து கேட்டுக்கினே கீறாங்கோ. மாத்திடறேன்." அந்த வாரமே பஸ் நேரம் தள்ளிப்போனது.

புதிய நேரம் வந்த முதல் ஆய்வக நாளில் அந்தப் பெண் பியூரெட்டின் முன் குனிந்து நின்றாள். அடுத்தடுத்த மேஜைகளில் வேலை முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. குடுவையில் இளஞ்சிவப்பு வந்தது. கலக்கினாள். போகவில்லை. நின்றது. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மேடம், இதுதானா?" என்றாள். இதுதான் என்றேன். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பெண்கள் டைட்ரேஷனுக்குக் கை தட்டி நான் பார்த்தது அன்றுதான்.

சில வாரங்கள் கழித்துச் செயலாளர் மறுபடி வந்தார். இந்த முறையும் பஸ்ஸில்தான். மதிப்பீட்டாளர்களுக்கான அவர்களுடைய புதிய கையேட்டைக் கொண்டுவந்திருந்தார். தில்லிக் குழு விதித்த நிபந்தனைகளில் ஒன்றைக் காட்டினார். இனி எந்தக் கல்லூரிக்குப் போனாலும், அந்தக் கல்லூரியோடும் அதன் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பில்லாத, அதே சமயம் அந்த ஊர் மொழி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

"இது உங்க கல்லூரில இருந்து போனது மேடம்," என்றார். "அந்த மாணவிகிட்ட சொல்லிடுங்க. பேரு எனக்கு வேண்டாம். சேதி போனா போதும்."

மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொன்னதுக்கா மேடம் ரூலு போட்டாங்கோ? இந்தியா ஃபுல்லாவா?"

"அவங்க போற ஊரு எல்லாத்துக்கும்."

"எங்க நைனாகிட்ட சொன்னா நம்பமாட்டாரு மேடம். கத வுடாதன்னுவாரு."

"நான் வந்து சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன வழியில் வண்டியில் போனேன். ஏரிக்கரையைச் சுற்றிப் போகும் மண் பாதை. அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. அவளுடைய அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது.

"இன்னா தப்பு பண்ணிச்சு மேடம்?"

ஆசிரியை வீட்டுக்கு வந்தால் அது புகாருக்காகத்தான் இருக்கும் என்று நினைத்த அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. துண்டைத் தோளிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிரில் அவரையும் உட்காரச் சொன்னேன். அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றார். மகள் உள்ளே போய் ஒளிந்துகொண்டாள்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். பிறகு தாளாளர் கேட்ட மாதிரியே ஆரம்பித்தேன். எங்கள் கல்லூரிக்கு மார்க்கு போடச் சில ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு மார்க்கு போட வேறு ஆட்கள் வந்தார்கள், மார்க்கு போட வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, உங்கள் மகள் சொன்னதை மொழிபெயர்த்தவன் மாற்றிச் சொன்னான், அவள் எழுந்து நின்று 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்றாள்.

"பெரிய ஆபீசருங்க முன்னாடியா?" என்று கேட்டார்.

"பெரிய ஆபீசருங்க முன்னாடிதான். இங்கிலீஷுல சொன்னா."

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். மெல்லச் சொன்னார். "வூட்ல வாயே தொறக்காது மேடம் அது."

அதனால் பஸ் நேரம் மாறியதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியவில்லை. பிறகு விதியைச் சொன்னேன். இனிமேல் அவர்கள் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், தில்லியில் அப்படி எழுதிவிட்டார்கள் என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த முகம்தான். பிறகு சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய், அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா! மேடம் இன்னா சொல்றாங்க கேளுங்க!"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார்.

நான் முதலிலிருந்து சொன்னேன்.